செம்பனை ரோட்டுக் குப்பை: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கார்னர் வீட்டு அக்கா

நம் பேராக்கில், யார் யாரோ குப்பை கொட்டிவிட்டுப் போகிற அந்தச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ரோட்டைப் பற்றித்தான். பழைய ஆயாக் கொட்டகையைத் தாண்டி, வளைவில். நம் ஊர் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதானே எல்லாரும் அதைக் கடக்கிறோம்.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் அடுப்படியை உடைத்துக் கட்டினோம். பழைய கேபினட், உடைந்த ஓடு, சிங்க், கரையான் அரித்த பலகை எல்லாம் வாசலில் கிடந்தது. ரெனோவேஷன் செய்தவரைக் கேட்டால், "குப்பை என் கணக்கில் வராதுக்கா" என்று கையை விரித்துவிட்டார். குப்பை லோரியில் வருகிறவர்களும் தொடவில்லை, தோங்குக்குள் (குப்பைத் தொட்டிக்குள்) இருப்பதை மட்டும்தான் எடுப்பார்களாம். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு நம்பருக்குப் போன் போட்டேன். 180 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார், கொடுத்தேன், ஏற்றிக்கொண்டு போனார். அதோடு மறந்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது ஊராட்சிக் கவுன்சில் வண்டி வாசலில் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள். ஒருவர் கையுறை போட்டிருந்தார். பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் கேட் கம்பி மேல் வைத்துப் பிரித்தார். என் வீட்டுக்காரர் பெயரில் வந்த கரண்ட் பில். ஓரத்தில் மஞ்சளாக என்னமோ காய்ந்து ஒட்டியிருந்தது, கேபினட் டிராயரில் கிடந்த பில்லாகத்தான் இருக்க வேண்டும். "இது இந்த வீடுதானே?" என்று மலாயில் கேட்டார்.

லோரிக்காரருக்குக் காசு கொடுத்தேன் என்று சொன்னேன். ரசீது கேட்டார். லோரி நம்பர் கேட்டார். அந்தப் போன் நம்பருக்கு அங்கேயே அடித்துப் பார்த்தோம், லைன் போகவில்லை. நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டார், குப்பையை நாங்களே அள்ள வேண்டுமாம்.

அவர் கத்தியிருந்தால்கூட நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் அந்தப் பில்லை மறுபடி நாலாக மடித்து, வலது கையில் பிடித்து, இடது கையைத் தாங்கலாக வைத்து, கல்யாணப் பத்திரிகை கொடுப்பது போல மரியாதையாக நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மா பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் முழுவதையும் பார்த்தார். இன்றைக்கும் என்னைக் கண்டால், "கரண்ட் பில் கட்டியாச்சா?" என்கிறார்.

உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

ஒரு டன் லோரி

அக்கா, அந்த லோரிக்காரன் நான் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் இதே தொழில்தான். உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் 180 வெள்ளிக்கு ஓடும் சிங்க்கும் நியாயமாகக் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேரும் என்று எந்த லோரிக்காரனும் சொல்ல மாட்டான்.

போன வருஷம் ஒரு வீட்டைக் காலி செய்து, சோபா, இரண்டு மெத்தை, ஒரு பழைய அலமாரி ஏற்றிக்கொண்டு குப்பைமேட்டுக்கே போனேன். யாரும் சொல்லித் தரவில்லை, முறைப்படி போட வேண்டும் என்று நானாகத்தான் போனேன். மழை நேரம். தீம்பாங் ரூம் (எடை போடும் அறை) ஜன்னலில் ஒரு பையன் உட்கார்ந்து போனில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "சுராட் மானா?" என்றான். என்ன கடிதம் என்றேன். கவுன்சில் கடிதம் இருந்தால்தான் உள்ளே விடுவானாம். காசு கட்டுகிறேன், எடை போடு என்றேன். வீட்டுக் குப்பையா, கம்பெனிக் குப்பையா என்றான். வீட்டுக் குப்பை, ஆனால் கூலிக்கு ஏற்றி வந்தது என்றேன். அப்படி ஒரு வகையே அவனுடைய பாரத்தில் இல்லை. ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டான். நான் கண்ணாடியைத் தட்டத் தட்ட, அவன் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் பாக்கெட்டை உறிஞ்சினான். ஏழு கடலைத் தாண்டி வந்தவனைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அலுவலகத்துக்குப் போனால், "லைசென்ஸ் உள்ள காண்டிராக்டர் மூலமாக வாருங்கள்" என்கிறார்கள். லைசென்ஸ் உள்ளவர் வீட்டு மெத்தைக்கு வர மாட்டார், அவருக்கு மாதக் கணக்கில் ரோரோ தோங் (லோரியில் ஏற்றி இறக்குகிற பெரிய தொட்டி) வைக்கிற தொழிற்சாலை வேண்டும். மெத்தை நனைந்து ஊறிப்போய், என் லோரியிலேயே ஒரு வாரம் கிடந்தது. நாற்றத்தில் வேறு வாடகையும் ஓடவில்லை.

சரி, கணக்கையும் பார்த்துவிடலாம். 2024 ஜூன் 10 அன்று டீசல் ஒரே ராத்திரியில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. போக வர எண்ணெய், ஏற்ற இறக்க ஓர் ஆள், அவன் சாப்பாடு, எடைக்குக் கட்டுகிற காசு. உள்ளே விட்டால்தான் அந்தக் காசும். இத்தனையும் போட்டு நான் ஒரு விலை சொன்னால், "அங்கே ஒருத்தன் 150-க்கு வர்றானே" என்று போனை வைத்துவிடுகிறார்கள். அந்த 150 எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. ரசீது கேட்கிற வீட்டையும் பார்த்ததில்லை. அக்கா மீது கோபம் இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

பழைய லயத்துப் பையன்

லோரி அண்ணே, உள்ளே விடவில்லை என்பது சரி. அதற்காக எங்கள் தோட்டத்துக்குள் கொட்டலாமா? அண்ணன் கொட்டினார் என்று சொல்லவில்லை, உங்கள் தொழில்காரர்களைச் சொல்கிறேன்.

நாங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த காலத்தில் கவுன்சில் லோரி தோட்டத்துக்குள் வந்ததே இல்லை, தனியார் நிலம் என்பார்கள். தோட்டமே டிராக்டர் அனுப்பும். கடைசி மர நிரைக்கு அப்பால் பெரிய குழி, அதில் கொட்டி மண் தள்ளுவார்கள். சனிக்கிழமை டிரசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) வந்து லயம் சுத்தமாக இருக்கிறதா, லோங்காங்கில் (சாக்கடையில்) தண்ணீர் தேங்குகிறதா என்று பார்ப்பார். 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம், 446 என்பார்களே, அதுவும் தோட்டத்து வீடுகளைச் சுத்தமாக வைக்கிற பொறுப்பை முதலாளி தலையில்தான் வைக்கிறது. குறை இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் குப்பை எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், லயம் காலியானது, நாங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தோம். ஆள் இல்லாத ரோடு என்று தெரிந்ததும் வெளி லோரி வர ஆரம்பித்தது. கோழிக் கடைக்காரன் சிமெண்டுப் பையில் குடலும் சிறகும் கட்டிப் போடுவான். உடும்பும் காட்டுப்பன்றியும் வந்து பையைக் கிழித்து ரோடு முழுக்க இழுத்துவிடும்.

நிர்வாகம் என்ன செய்தது? ரோட்டுக்குக் குறுக்கே பாரிட் (வாய்க்கால் பள்ளம்) வெட்டியது, ஆள் உயரத்துக்கு. அந்த ரோடுதான் எங்கள் பழைய சுடுகாட்டுக்கும் வழி.

எங்கள் பெரியப்பா இறந்தபோது வண்டியோடு போய் அந்தப் பாரிட்டுக்கு முன்னால் நின்றோம். யாருக்கும் தெரியாது, வெட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தப்படித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சரி, இறக்கித் தூக்கு என்று யாரோ சொன்னார்கள். நாலு பேர் பெட்டியை மேலே பிடிக்க, நாலு பேர் பாரிட்டுக்குள் இறங்கி வாங்க, அங்கிருந்து மறுபடி மேலே. உள்ளே இறங்கியவர்களில் நானும் ஒருவன். கணுக்காலுக்குமேல் சேறு, சேற்றுக்குள் ஒரு டிவி கண்ணாடி. என் சித்தப்பா மகனுக்குக் கால் கிழிந்துவிட்டது. அதாவது, பாரிட் வெட்டிய பிறகு அந்தப் பாரிட்டுக்குள்ளேயே கொட்டியிருக்கிறார்கள்.

லோரிக்காரன் இரண்டு நிரை தள்ளி, பழம் ஏற்றுகிற வழியாக உள்ளே போகிறான். பெரியப்பாவைத்தான் தூக்கி இறக்கினோம்.

சிரம்பான் மருமகள்

என் பிறந்த வீடு அந்த ஊர்தான், அதனால் எழுதுகிறேன். கல்யாணம் ஆகி நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு வந்த பிறகு எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது இதுதான். இங்கே வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒருநாள் மறுசுழற்சிச் சாமானும் பெரிய சாமானும் எடுப்பார்கள். பழைய மேசையை வேலிக்கு வெளியே வைத்தேன், போய்விட்டது. அம்மாவிடம் போனில் சொன்னால், "யாராவது திருடிட்டுப் போயிருப்பாங்கடி" என்றார்.

நம்பர் பிளேட்

எல்லாரும் புலம்புகிறீர்களே தவிர, யாரும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

எனக்கு நடந்தது சின்னது. மருமகனோடு மோட்டாரில் போகும்போது ஒரு வெள்ளை ஹைலக்ஸ் பின்பக்கக் கதவைத் திறந்து கறுப்புப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தது. நான் போனைத் தூக்கினேன். அந்த ஆள் ஓடவில்லை, சிரித்துக்கொண்டே கை காட்டி, "அங்கிள், நல்லா எடுங்க" என்றான். நம் ஆள்! தமிழ்! அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படம் எடுக்கும்போது நம்பர் பிளேட் தெரிய வேண்டும், கொட்டுகிற கை தெரிய வேண்டும், இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் நல்லது. வீடியோ அதைவிட நல்லது. போனில் இடம் காட்டும் வசதியை முதலிலேயே போட்டு வையுங்கள், செம்பனைக்குள் எல்லா வளைவும் ஒன்றுதான், அதிகாரி வந்து தேட மாட்டார். பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையும் எழுதுங்கள். படத்தை முதலில் ஊர்க் குழுவில் போட்டுப் பரப்பாதீர்கள், கொட்டியவனுடைய மச்சான் அங்கேதான் இருப்பான். நேராகக் கவுன்சிலின் புகார்த் தளத்தில் போடுங்கள், அங்கே ஓர் எண் வரும், அந்த எண் இல்லாமல் கவுண்டருக்குப் போகாதீர்கள். வாயால் சொல்கிற புகாரைக் காற்றில்தான் எழுதிக்கொள்வார்கள். பதில் வரவில்லை என்றால் உங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் அதே எண்ணைக் கொடுங்கள். குப்பை எரிந்தால் அது சுற்றுச்சூழல் துறையின் வேலை, திறந்தவெளியில் எரிப்பதை 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடுக்கிறது. கம்பி எரித்துச் செம்பு எடுக்கிறார்களே, அதுவும் இதில்தான் வரும்.

சட்டம் பலவீனம் என்று நினைக்காதீர்கள். 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 672-ன்படி, அனுமதி இல்லாத இடத்தில் கொட்டினால் அபராதம் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை, சிறை ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை. இரண்டும் சேர்த்தும் போடலாம். கார்னர் வீட்டு அக்கா இதைத்தான் அந்த அதிகாரியிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை லோரிக்காரரின் ஐ.சி.யை (அடையாள அட்டையை) படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி

நம்பர் பிளேட் தம்பி, சட்டத்தை எழுதும்போது அது எந்த ஊரில் செல்லும் என்பதையும் எழுத வேண்டும். 672 நம் மாநிலத்தில் இல்லை. 2011 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருப்பது கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில். நம் பேராக் அதை ஏற்கவில்லை, சிலாங்கூரும் பினாங்கும்கூட ஏற்கவில்லை. சிரம்பான் மருமகள் எழுதிய இரண்டு நாளும் ஒருநாளும் அந்தச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு. இங்கே கவுன்சில் கையில் இருப்பது 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 133, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் 171, அதன்கீழ் அவர்கள் போட்டுக்கொண்ட துணைவிதிகள். 2026 ஜனவரி 1 முதல் குப்பை போட்டவருக்கு நீதிமன்றம் 12 மணி நேரம் வரை சமூக சேவையும் விதிக்கலாம் என்று திருத்தியிருக்கிறார்கள். அது சிகரெட்டுத் துண்டு போடுகிறவருக்குச் சரி. லோரியில் கொண்டுவந்து கொட்டுகிறவன் 12 மணி நேரம் கூட்டிவிட்டு, 13-ஆவது மணி நேரத்தில் அடுத்த லோடு ஏற்றிக்கொள்வான்.

நான் பார்த்ததையும் சொல்கிறேன். தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது ஓர் அதிகாரி வந்து, "உங்கள் நிலத்தில் குப்பை கிடக்கிறது, நீங்கள்தான் அகற்ற வேண்டும்" என்று கடிதம் கொடுத்தார். எங்கள் தொரை (தோட்ட மேனேஜர்) வரைபடத்தை விரித்து, குப்பை கிடப்பது ரோட்டு ரிசர்வில் (ரோட்டுக்கு ஒதுக்கிய நிலத்தில்), எங்கள் எல்லைக்கு நாலு அடி வெளியே என்று காட்டினார். அதிகாரி போய்விட்டார். பிறகு பொதுப்பணி ஆள் வந்து, ரோடு எங்களுடையது, ஓரம் எங்களுடையது இல்லை என்றார். இருவரும் போன பிறகு தொரை என்னிடம், "நாலு அடி" என்று சொல்லி நாலு விரலைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. அன்று மாலை என்னை அனுப்பி, குப்பை இன்னும் இரண்டு அடி உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இன்னொன்று. முன்பு சின்ன ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடு இருந்தது, ஈய லோம்போங் (சுரங்கம்) பக்கத்திலோ தோட்ட ஓரத்திலோ. நாற்றம், தீ, கசிவு எல்லாம் உண்டு, மூடியது தப்பில்லை. ஆனால் மூடிவிட்டுப் பல ஊருக்கும் சேர்த்துத் தூரத்தில் ஒன்று வைத்தார்கள். கோலாலம்பூர்க் குப்பையைத் தாமான் பெரிங்கினில் அமுக்கி, பெரிய லோரியில் உலு சிலாங்கூர் புக்கிட் தகாருக்குக் கொண்டு போகிறார்கள், அங்கும் சுற்றிலும் செம்பனைதான். நடுவில் ஓர் இடம் வைத்துச் சேர்த்து அனுப்பினால் தூரம் ஒரு பொருட்டில்லை. நம்மைப் போன்ற ஊரில் அந்த நடு இடம் இல்லை. லோரித் தம்பி ஜன்னலைத் தட்டியது அதனால்தான்.

மெயின்ரோடு

இவ்வளவு எழுதுவானேன். பங்களாதேஷ்காரர்கள் வந்த பிறகுதான் இந்த அசிங்கமெல்லாம். கொங்சியில் (அவர்கள் தங்கும் கொட்டகையில்) போய்ப் பாருங்கள். நான் ஒருநாள் பார்த்தேன், ஒருத்தன் அந்தக் குப்பைக்குள் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தான்.

நைட் ஷிப்ட்

மெயின்ரோடு அண்ணே, அவன் கிளறிக்கொண்டுதானே இருந்தான், கொட்டிக்கொண்டா இருந்தான்? அவர்களிடம் இருப்பது சைக்கிள். கார்னர் வீட்டு அக்காவின் கேபினட்டைச் சைக்கிளில் வைத்து ஓட்டிக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். கம்பி, டின், போத்தல் பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் போடுகிறார்கள், அந்த மட்டும் குப்பை குறைகிறது.

நான் பார்த்தவன் வேறு. வேலை முடிந்து விடியற்காலை மூன்று மணி வாக்கில் அந்த வழியாக வந்தேன். வளைவில் லோரி, விளக்கு இல்லை. முதலில் ரிப்பேராகி நிற்கிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். மூன்று பேர் நீலத் தோங்கை உருட்டிப் பாரிட்டில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் டிரம், மூடி போட்டது. வாசனை முதலில் தின்னர் மாதிரி இருந்தது, அப்புறம் கண்ணில் மிளகாய் விழுந்த எரிச்சல். ஒருத்தன் டார்ச்சை என் முகத்தில் அடித்தான். அடித்தபடியே நிதானமாக, "பாலிக் ரூமா, பாங்" என்றான். வீட்டுக்குப் போ அண்ணே என்று. மிரட்டல் குரல்கூட இல்லை, அக்கறையாகச் சொல்வது போலவே இருந்தது. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் நினைவில் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் பின்னால் யாராவது "பாங்" என்றால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

மறுநாள் அந்தப் பாரிட்டில் விரால் வயிறு மேலே காட்டி மிதந்தது. நாங்கள் தூண்டில் போடுகிற இடம்.

நம்பர் பிளேட் அண்ணே, அந்த நேரத்தில் போனைத் தூக்கிப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். மறுநாள் ஆள் வந்து மஞ்சள் நாடா கட்டினார்கள். இது சாதாரணக் குப்பை இல்லை, அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கிற ஆபத்தான கழிவு. தொழிற்சாலைகள் இதைக் காசு கொடுத்து லைசென்ஸ் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும், நெகிரி செம்பிலானில் புக்கிட் நானாசில் இருப்பது போல. அந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் நீலத் தோங் செம்பனைக்குள் வருகிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டியது இதே வகைதான். 111 பள்ளிக்கூடங்களை மூட வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இங்கே தோட்டத்தில் பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை, அதிர்ஷ்டம்.

யாராவது டிரம் பார்த்தால் காலால்கூட உருட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெயின்ரோடு

ஒருத்தன் நல்லவன் என்றால் எல்லாரும் நல்லவனா? சரி விடுங்கள்.

அரசமரத்தடி

நான் கோயில் கமிட்டியில் இருக்கிறேன். எங்கள் அரசமரத்தடி எல்லாருக்கும் தெரியும், முனியாண்டிக்குப் பின்பக்கம், லோங்காங் ஓரம்.

அங்கே யாரும் குப்பை போடவில்லை. சாமி படம் வைத்தார்கள். கண்ணாடி உடைந்தது, பூச்சி அரித்தது, வீடு மாறும்போது மிஞ்சியது. அப்புறம் பழைய காமாட்சி விளக்கு, காய்ந்த மாலை, கலசத் தேங்காய். அப்புறம் எவனோ ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தான். மின்விசிறிக்குப் பக்கத்தில் பிரிட்ஜ் வர எவ்வளவு நேரம்? இப்போது முருகனும் லட்சுமியும் டயருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கிறார்கள்.

கமிட்டியில் பேசி, யார் வைக்கிறார்கள் என்று பார்க்க என்னை நிறுத்தினார்கள். ராத்திரி ஒரு பாட்டி வந்தார். எண்பதைத் தொட்டிருப்பார். துண்டில் சுற்றிய படத்தைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு, செருப்பை எட்டிக் கழற்றிவிட்டு, சேற்றில் வெறுங்காலோடு வந்து மரத்தடியில் சாய்த்தார். கற்பூரம் ஏற்றினார். நான் டார்ச் அடித்து, "பாட்டி, இங்கே வைக்கக் கூடாது" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அப்ப எங்கப்பா வைக்கிறது? சாமியைக் குப்பைத் தோங்கில போடச் சொல்றியா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கமிட்டியிலும் இன்னும் வரவில்லை. பலகை எழுதி மாட்டலாம் என்கிறார்கள். பலகையில் என்ன எழுதுவது என்று இரண்டு கூட்டம் நடந்துவிட்டது.

ஓய்வுபெற்ற கிராணி

இதில் சண்டை போட ஒன்றுமில்லை. சாமி படத்தின் மரச் சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றுங்கள். கண்ணாடியைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றித் தோங்கில் போடலாம், அது வெறும் கண்ணாடி. காகிதப் படத்தை ஐயரிடம் கொடுத்தால் ஓம குண்டத்தில் சேர்த்துவிடுவார், சில கோயில்களில் அப்படிச் செய்கிறார்கள். ஆற்றில் விடாதீர்கள், பிளாஸ்டிக் பூசிய படம் கரையாது. பித்தளை விளக்கைப் பழைய பாத்திரக்காரரிடம் போடலாம். கமிட்டி வருஷத்துக்கு ஒருநாள் குறித்து, திருவிழாவுக்கு முன்னால், மேசை போட்டு வாங்கிக்கொள்ளலாமே. பாட்டிக்குப் பதில் சொல்ல முடியாத கமிட்டி எதற்கு?

அரசமரத்தடி

கிராணி ஐயா, உங்களைக் கமிட்டிக்குக் கூப்பிட்டபோது முதுகுவலி என்றீர்கள்.

டீச்சர்

எங்கள் பள்ளிச் சுவருக்குப் பின்னால் டயர் மலை இருக்கிறது. எந்தப் பட்டறை கொட்டுகிறது என்பது ஊருக்கே தெரியும்.

ஊரில் டெங்கி வந்தபோது சுகாதார அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். சரஸ்வதி சிலைக்கு முன்னால் பூச்சட்டி, அதன் அடியில் தட்டு, தட்டில் ஒரு விரல் தண்ணீர். குனிந்து, சொட்டுக் குழாயால் உறிஞ்சி, சின்னப் போத்தலில் விட்டு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நெளிந்தது. ஓய்வு நேரம் வேறு, பிள்ளைகள் சுற்றி நின்று, "டீச்சர், வால் ஆட்டுது!" என்று குதிக்கிறார்கள். இப்படிப் புழு கிடைத்தால் கொசு ஒழிப்புச் சட்டத்தில் 500 வெள்ளி சமன் (அபராதம்) போடலாம். 1975-ஆம் ஆண்டுச் சட்டம்.

நான் அவரைச் சுவரோரம் அழைத்துப்போய், நாற்காலி போட்டு, ஏறிப் பார்க்கச் சொன்னேன். ஏறினார். டயருக்குள் எல்லாம் மழைத் தண்ணீர். நீண்ட நேரம் பார்த்தார். இறங்கி, நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "அது பள்ளி எல்லைக்கு வெளியே, டீச்சர். உரிமையாளர் யார் என்று தெரிந்தால்தான் எழுத முடியும்" என்றார். சரஸ்வதிக்கு உரிமையாளர் தெரிகிறது, டயருக்குத் தெரியவில்லை! சமன் போடவில்லை, எச்சரிக்கையோடு விட்டார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மறுநாள் ஒரு பையன் வீட்டிலிருந்து ஜாடியில் புழு பிடித்துக்கொண்டு வந்தான், அறிவியல் மூலையில் வைப்பதற்கு. எங்கே பிடித்தாய் என்றால் சுவரைக் காட்டுகிறான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு) நடத்தி டயரை அள்ளி ரோட்டோரம் அடுக்கியது. எடுக்க யாரும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி சுவருக்குப் பின்னால் போய்விட்டது.

கார்னர் வீட்டு அக்கா

நம்பர் பிளேட் அண்ணனுக்கு: அதிகாரியிடம் சட்டம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும், அது நம் மாநிலத்திலேயே இல்லையாமே. ஐ.சி. படம் எடுக்க எந்த லோரிக்காரர் விடுவார்?

குப்பையை அள்ள வேறு லோரிதான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் 350 கேட்டார். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்குக்கா?" என்றார். அனுப்பிவிட்டேன்.

ஒரு டன் லோரி

அக்கா, 350 நியாயமான விலைதான், பதில்தான் நியாயமில்லை. ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்காரர் பெயரில் கவுன்சிலில் கடிதம் வாங்கினால், அதே லோரியை உள்ளே விடுகிறார்கள். கடிதம் வீட்டு முகவரிக்குத்தான், லோரிக்கு இல்லை. வீட்டு வரி கட்டிய ரசீதும் ஐ.சி. நகலும் கொண்டுபோங்கள், பாக்கி இருந்தால் அங்கேயே கட்டச் சொல்வார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கையெழுத்துப் போடுகிற ஆள் வெளியே போய்விடுவார். இது எனக்குத் தெரிந்தது அந்த மெத்தை லோரியில் கிடந்த வாரத்தில்தான்.

சிரம்பான் மருமகள்

லோரி அண்ணே, எங்கள் அம்மா வீட்டில் ஒரு ஸ்பிரிங் மெத்தை இருக்கிறது, அப்பா படுத்திருந்தது. அம்மா வெளியே போட விடமாட்டேன் என்கிறார், அந்த ரோட்டில் கிடப்பதைப் பார்க்க முடியாதாம். கடிதத்துக்கு நான் வரும்போது ஏற்பாடு செய்கிறேன். எவ்வளவு ஆகும்?

ஒரு டன் லோரி

ஸ்பிரிங் மெத்தைக்கு 120 தங்கச்சி, மாடி என்றால் 140. எடைக் காசு தனி, அங்கே கொடுக்கிற சீட்டை அம்மா கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மதியம் தொழுகைக்கு மூடுவார்கள், இழுத்துவிடும். மழை பெய்தால் முதல்நாளே பிளாஸ்டிக் சுற்றி வையுங்கள், நனைந்தால் எடை கூடும்.